மேடத்தில் வெளுத்த மட்டாஞ்சேரி

இரண்டு கைகளும் மருந்துத் தட்டுக்குள். சுற்றிலும் கும்மிருட்டு. விரல்களுக்கு நடுவே பிலிம் சுருள் வழுக்கி வழுக்கி ஓடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம், பூஜை அறையில், என் மாமியார் பகவதியின் நூற்றெட்டு நாமங்களில் முப்பத்திரண்டாவதைச் சொல்லி முடித்தார். அடுத்தது வர வேண்டும். வரவில்லை.

நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. துடைக்கக் கை இல்லை. கையை எடுத்தால் பிலிம் போச்சு. நேரம் தெரியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாலும் பிலிம் போச்சு. நாமம் நின்றுவிட்டது என்றால் எங்கள் வீட்டில் கடிகாரம் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

அந்தச் சுருளில் பன்னிரண்டு கோமளங்கள் இருந்தார்கள். ஒருத்தியாவது கோமளமாகவே வெளியே வர வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

ஒன்றும் புரியவில்லை அல்லவா? எனக்கே புரிய மூன்று வருஷம் ஆயிற்று. முதலிலிருந்து சொல்கிறேன்.

நூற்றெட்டு நாமம், எட்டு நிமிஷம்

எழுபதுகளின் பின்பாதியில், ரசாயனத்தில் பட்டம் வாங்கிய கையோடு பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு மருமகளாக வந்தேன் என்று இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். என் கணவருக்கு அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் போட்டோ ஸ்டூடியோ. முன்கட்டில் ஸ்டூடியோ, பின்கட்டில் குடித்தனம், நடுவில் இருட்டறை. பெண்பார்க்க வந்தபோதே "ரசாயனம் படிச்சவளாக்கும்" என்று மனசில் குறித்துவைத்துக்கொண்ட மனிதர், கல்யாணமான மறுமாதமே பிலிம் கழுவும் வேலையை என் தலையில் கட்டினார்.

"மருந்துல போட்டு ரெண்டு கையாலயும் மேலயும் கீழயுமா ஆட்டிண்டே இருக்கணும். அம்மா ஜபம் முடிஞ்சா எடுத்துடணும். அவ்வளவுதான்" என்றார்.

"ஜபமா?"

"ஆமா. நூத்தெட்டு நாமம். எட்டு நிமிஷம்."

"ஒரு கடிகாரம் வெச்சுக்கப்படாதோ?"

"இருட்டுல கடிகாரம் பாக்கறது எப்படியாக்கும்?"

முள் ஒளிர்கிற கடிகாரம் வைத்தால் அந்த மினுக்கமே பிலிமைக் கெடுத்துவிடும் என்பார். அலாரம் என்றால், எட்டு நிமிஷத்துக்கு அலாரம் வைக்கிற கடிகாரம் எங்கள் வீட்டில் இல்லை. வெளியே ஒருத்தர் நின்று மணி பார்த்துச் சொல்லலாமே என்றேன். "அதுக்குத்தான் அம்மா இருக்காளே" என்றார். அதற்கு மேல் புது மருமகள் என்ன பேச முடியும்?

இந்த ஏற்பாடு என் மாமனார் செய்தது. அவர் காலத்துப் பழைய பிலிமுக்குச் சிவப்பு பல்பு வெளிச்சம் ஆகும். முகம் தெளிவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எடுத்துவிடலாம். புது மாதிரி பிலிம் வந்ததும் சிவப்பும் ஆகாது, எந்த வெளிச்சமும் ஆகாது என்றாயிற்று. ஒரு மார்கழி மாதம், எப்போது எடுப்பது என்று தெரியாமல் இருட்டில் தவித்தவருக்கு, சுவருக்கு அப்பால் கேட்ட ஜபம் கைகொடுத்தது. ஜபம் முடிந்தது, எடுத்தார், படம் பிரமாதமாக வந்தது. அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரம்தான் எங்கள் ஸ்டூடியோவில் பிலிம் கழுவும் நேரம்.

மாமனார் காலமாகிவிட்டார். முறை மாறவில்லை. தான்தான் கடிகாரம் என்பது மாமியாருக்கு மட்டும் தெரியாது. பகவதியின் பெயரை வியாபாரத்துக்கு இழுத்த பாவத்தை யார் தலையில் போடுவாரோ என்ற பயத்தில் யாரும் சொல்லவில்லை.

மூக்கு போனால் போகட்டும்

நான் வந்த முதல் வருஷம் மேட மாதத்தில், அதாவது நம் சித்திரை வெயிலில், கழுவிய படங்களைப் பார்த்துப் பயந்துபோனேன். அத்தனை பேரும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தார்கள். வைப்பினிலிருந்து படகேறி வந்து படம் எடுத்துக்கொண்ட ஒரு புதுமாப்பிள்ளைக்கு மூக்கே காணவில்லை. வெளுப்பில் கரைந்துபோயிருந்தது. இரண்டு கண், ஒரு மீசை, நடுவில் மைதானம்.

வேலை போச்சு என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பார்த்தார்கள், பூரித்துப்போய் இன்னும் ஆறு பிரதி கேட்டார்கள். மூக்கைப் பற்றி நான் மெதுவாக இழுத்தபோது மாப்பிள்ளையின் அம்மா, "மூக்கு அவன்டெ முகத்துல உண்டல்லோ" என்று சொல்லிவிட்டார்.

பிலிம் மருந்தில் கூடுதல் நேரம் கிடந்தால் நெகடிவ் கறுக்கும். நெகடிவ் கறுத்தால் காகிதத்தில் முகம் வெளுக்கும். இது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: மேடத்தில் இந்த ஸ்டூடியோவில் எடுத்தால் நிறம் வரும். கர்க்கடக மழையில், அதாவது நம் ஆடியில், எடுத்தால் எல்லாரும் அடுப்புக்கரி.

காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். லென்ஸ் ஜெர்மனி என்றார்கள். உப்புக்காற்று என்றார்கள். மழைக்காலத்தில் கொச்சங்காடியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு நனைந்தபடி வந்த ஓர் உம்மா, வாசலில் குடையை மடக்கியவர், என்ன நினைத்தாரோ, "இப்ப வேண்டா மோளே, மேடத்தில் வராம்" என்று மகளை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனார். மேடம் பிறந்துவிட்டால் எங்கள் வாசலில் செருப்பு மிதிபடும். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் எல்லாரும் பவுடரோடு வரிசையில் இருப்பார்கள்.

காய்ச்சல் இல்லாத மருந்து

"மருந்தோட சூடு என்னன்னு பாக்கணும்" என்று இவரிடம் சொன்னேன். உள்ளே போய் வீட்டிலிருந்த ஜுரக் குச்சியைக் கொண்டுவந்து மருந்தில் முக்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லை. காய்ச்சல் இல்லை" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பாலக்காட்டில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்த என் தம்பிக்கு எழுதி, ஒழுங்கான தெர்மாமீட்டர் ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறுகள் எப்போதும் மோதிக்கொண்டுதான் இருக்கின்றன. மோதியவை எல்லாம் வினை புரிவதில்லை. எங்கள் படகுத்துறையில் அப்போது இடுப்புயரத்துக்கு ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. படகு வந்ததும் கூட்டம் முழுக்கத் தடுப்பில் வந்து மோதும். துள்ளத் தெரிந்த சிலர் மட்டும் தாண்டிப் போய் ஏறுவார்கள். சூடு என்பது கூட்டத்துக்குத் துள்ளலைக் கொடுப்பது. கொஞ்சம் ஏறினாலே தாண்டுகிறவர்கள் மளமளவென்று கூடிவிடுவார்கள். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று எங்களுக்குக் குத்துமதிப்பாகச் சொல்லித் தந்தார்கள். தோசை மாவு வைக்கிற எல்லாருக்கும் இது தெரியும், பெயர்தான் தெரியாது.

ஐஸ் போட்டு மருந்தைக் குளிர வைப்பதுதானே என்று கேட்பீர்கள். மட்டாஞ்சேரியில் ஐஸ் என்றால் இறால் ஐஸ். மாமியார் இருக்கிற வீட்டில் அது வாசற்படி தாண்டாது. பிரிட்ஜ் அப்போது எங்கள் தெருவிலேயே கிடையாது.

மார்கழிச் சூட்டுக்கு எட்டு நிமிஷம் சரி என்றால், மேடச் சூட்டுக்கு ஐந்தேகால் போதும். ஆக மூன்று நிமிஷம்தானே கூடுதல், அதற்கா ஒருவனுக்கு மூக்கு போகும்? இதுதான் எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் கைக்கடிகாரத்தோடு பூஜை அறை வாசலில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் வெட்ட வெளிச்சமாயிற்று.

மேடத்தில் மாமியார் நாலு நாமத்துக்கு ஒரு தரம் விசிறிக்கொண்டார். பத்து நாமத்துக்கு ஒரு தரம் "அப்பப்பா!" என்றார். நடுவில் ஒரு வாய் தண்ணீர். ஜபம் முடியப் பதினோரு நிமிஷம். கர்க்கடகத்திலோ தரை ஜில்லென்று, கொசு பிடுங்க, அடுப்பில் சூடான கஞ்சி காத்திருக்க, ஆறே நிமிஷத்தில் பகவதியை முடித்து அனுப்பிவிட்டார். சூடு ஏற ஏற மருந்து ஓடியது, மாமியார் நடந்தார். குளிரக் குளிர மருந்து நடந்தது, மாமியார் ஓடினார். நடுவில் மாட்டிக்கொண்டு மட்டாஞ்சேரி வெளுத்தும் கறுத்தும் போயிற்று.

மறுவருஷம் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சூட்டில் எத்தனையாவது நாமம் எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்று நோட்டில் எழுதி வரைபடம் போட்டேன். உலகத்தில் வேறெந்த மருமகளும் மாமியாரை இப்படி அளந்திருக்க மாட்டாள். நூற்றெட்டும் வரிசையாக எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

"விசாலத்துக்குப் பக்தி வந்துடுத்து. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு நாமமா எழுதிக்கறா" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

இவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "வெளிய சொல்லிடாதே" என்றார்.

நானும் சொல்லவில்லை. படித்தவள் செய்கிற காரியமா என்று கேளுங்கள். எனக்கும் வாசலில் செருப்பு மிதிபடுவது பிடித்துத்தான் இருந்தது.

தட்டோடு நின்றவள்

அடுத்த தெருக் கோமளம் மிளகு ஏற்றுமதி செய்கிற ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். என் வயது. நல்ல கறுப்பு, நல்ல சிரிப்பு, வாய் கொஞ்சம் அதிகம். அவளுடைய அம்மா அவளை மேடத்தில் கூட்டிவந்து படம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படத்தைப் பார்த்து மூன்று வரன்கள் வந்தார்கள். மூன்று பேரும் வந்த வழியே போனார்கள்.

மூன்றாவதாக வந்த மாப்பிள்ளையின் அத்தை, சொஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டே, "பொண்ணை வரச் சொல்லுங்கோ" என்றாளாம். அந்தச் சொஜ்ஜித் தட்டை நீட்டிக்கொண்டு எதிரே நின்றதுதான் பெண்.

மறுநாள் மத்தியானம் கோமளம் ஸ்டூடியோவுக்கு வந்தாள். படத்தை மேஜையில் போட்டாள்.

"இது யாராக்கும் விசாலம்?"

நான் படத்தைக் கையில் எடுத்தேன்.

"இவளைப் பாத்துட்டு வரா. என்னை வேண்டாம்னுட்டுப் போறா. என்னை வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும், நேக்கு ஒண்ணுமில்லை. ஆனா என்னைப் பாத்துட்டுச் சொல்லட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வெள்ளைக்காரியை மருந்திலிருந்து கழுவி எடுத்தது என்னுடைய கைகள்தான். அவமானமாக இருந்தது.

எறணாகுளத்தில் ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்த ஒரு வரன் வீட்டார் அந்த வாரத்துக்குள் படம் கேட்டிருந்தார்கள். மறுபடி மேடம்தான், தீயாய்க் கொளுத்துகிற மேடம். "நீ இருக்கிற மாதிரியே எடுத்துத் தரேன்" என்று கோமளத்துக்கு வாக்குக் கொடுத்தேன்.

"ஒரு படம் உள்ளபடி வந்தா மத்த படமெல்லாம் பொய்னு ஆயிடும். நம்ம பொழைப்புல நீயே மண்ணைப் போடாதே" என்று இவர் குதித்தார். குதித்துவிட்டு, கோமளத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு படமும் எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு கெட்ட மனிதர் இல்லை.

அவர்கள் பேசப் பேச

அன்று சாயங்காலம் கரண்டும் போயிற்று. மருந்தில் தெர்மாமீட்டரை வைத்தேன்: முப்பத்திரண்டு. நோட்டைப் பார்த்தேன். முப்பத்திரண்டு டிகிரிக்கு ஐந்தேகால் நிமிஷம். அந்தச் சூட்டில் மாமியாரின் நடைக்கு அது ஐம்பத்தோராவது நாமம். கதவைச் சாத்தினேன். முதல் நாமம் கேட்டதும் பிலிமை முக்கினேன்.

எல்லாம் வரைபடத்தின்படியே போயிற்று. பத்தில் "அப்பப்பா" வந்தது. இருபதில் "அப்பப்பா" வந்தது. முப்பத்திரண்டில்தான் நின்றது.

வாசலில் கோமளத்தின் அம்மா வந்திருந்தார்.

"வாங்கோ வாங்கோ. விசாலம் உள்ளேதான். உங்காத்துப் படமாக்கும் கழுவறா."

"மாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போறது. கொஞ்சம் வெளுப்பு தூக்கலா வரட்டும்னு அவ கிட்டச் சொல்லுங்கோ. கோமளத்துக்குத் தெரிய வேண்டாம்."

"அதுக்கென்ன, சொல்லறேன். இந்தச் சூட்டைப் பாத்தேளா? உஸ்ஸ்..."

அவர்கள் பேசப் பேச, உள்ளே என் கையில் கோமளம் வெளுத்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்து மூன்றை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். முப்பத்து நான்கில் அவர்கள் மாங்காய் ஊறுகாய்க்குத் தாவினார்கள். என் நாமத்துக்குள் கடுகும் மிளகாய்ப்பொடியும் வந்து விழுந்தன. எது எத்தனையாவது என்று குழம்பிவிடும் போலிருந்தது. வேறு வழியில்லை. தொண்டையைத் திறந்து, முப்பத்தைந்தாவது நாமத்திலிருந்து நானே உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன்.

அதுவும் என் நடையில் சொன்னால் கணக்கு தப்பிவிடும். மாமியாரின் மேட மாத நடையில், அதே இழுவையில் சொன்னேன். நாலுக்கு ஒரு தரம் விசிறுகிற இடைவெளி விட்டேன். நாற்பதில், விடாமல், "அப்பப்பா!" என்றேன்.

வெளியே பேச்சு நின்றது.

முன்கட்டிலிருந்து இவர் ஓடிவந்து கதவைத் தட்டினார். "விசாலம்! உள்ள யாரு?"

நாற்பத்திரண்டு. பதில் சொல்ல நேரமில்லை.

"அம்மா இங்க நிக்கறா. பின்னே உள்ள ஜபிக்கறது யாராக்கும்?"

நாற்பத்து மூன்று. கதவை மட்டும் திறந்துவிடாதே பகவதி என்று நடுவில் ஒரு வேண்டுதலையும் போட்டேன். அது மட்டும் என் சொந்தப் பக்தி. ஐம்பதில் இன்னொரு "அப்பப்பா". ஐம்பத்தொன்று. தூக்கினேன், தண்ணீரில் அலசினேன், அடுத்த தட்டில் முக்கினேன். அதன் பிறகுதான் மூச்சு விட்டேன்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது கோமளத்தின் அம்மா இருட்டறையைப் பார்த்து நமஸ்காரம் பண்ணிக்கொண்டிருந்தார். மாமியாரின் கண்ணில் ஜலம். "நான் விட்ட எடத்துலேருந்து எடுத்துண்டாளே! மயிர்க்கூச்செறியறது நேக்கு" என்றார்.

முத்திரை

மறுநாள் காகிதத்தில் அச்சிட்டேன். கோமளம் வந்தாள். கறுப்பு, கறுப்பாகவே. மேல்வரிசைப் பல் ஒன்று முந்திக்கொண்டு எட்டிப் பார்த்தது. ஆபீசுக்கு நேரமாயிற்று என்கிற அவசரம் கண்ணில் அப்படியே இருந்தது. மூக்கும் இருந்தது. மூன்று வருஷத்தில் நான் கழுவியதில் அதுதான் எனக்கு முதல் படம் என்று தோன்றியது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

"இதுக்குப் பின்னால நம்ம ஸ்டூடியோ முத்திரை வேண்டாம்" என்றார் இவர்.

"வேணும்" என்று நானே எடுத்து ஓங்கிக் குத்தினேன். கீழே தேதியையும் எழுதினேன்.

அந்தத் திமிர்தான் வினையாயிற்று. பத்து நாளில் வரனின் பெரியப்பாவிடமிருந்து கடிதம் வந்தது, உள்ளே அந்தப் படமும் திரும்பி வந்திருந்தது. கோமளம் அதை எடுத்துக்கொண்டு வந்து எனக்கே வாசித்துக் காட்டினாள். உங்கள் பெண்ணின் படம் கிடைத்தது. அந்த ஸ்டூடியோவைப் பற்றி நாங்களும் கேள்விப்பட்டிருக்கிறோம். அங்கே மேட மாதத்தில் எடுத்தே இவ்வளவு நிறம் என்றால், நேரில் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொண்டோம். மன்னிக்க வேண்டும்.

இத்தனை வருஷமாக ஊர் எங்கள் படங்களுக்கு மனசுக்குள் கழித்தல் கணக்குப் போடப் பழகியிருந்தது. உண்மையான படத்துக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டார்கள். "என்னாலதான் கோமளம்" என்றேன்.

"நீ என்ன பண்ணுவே?" என்றாள். "இவாளும் என்னைப் பாக்கலை, அவ்வளவுதான்."

கடிதத்தை மடித்து, படத்தோடு சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

எதிரில் நிற்பவள்

நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள். ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாளாம். முகமெல்லாம் வெயில்.

"எறணாகுளம் போயிட்டு வரேன். அவரோட ஆபீசுக்கு."

"யாரோட?"

"அந்த வரனோடதான். மேஜைல படத்தை வெச்சேன். பக்கத்துலயே குனிஞ்சு மூஞ்சியையும் வெச்சேன். ஒத்துப் பாருங்கோன்னேன்."

"ஐயோ! ஆபீஸ்லயா?"

"எல்லாரும் எழுந்து நின்னுட்டா. பியூன்கூட சாயாவைக் கையில வெச்சுண்டு அப்படியே நின்னான்."

"அவர் என்ன சொன்னார்?"

"பாவம், பயந்துட்டார். படத்தைப் பாத்தார். என்னைப் பாத்தார். மறுபடி படத்தைப் பாத்தார். 'ரெண்டும் ஒண்ணுதான்'னார். நேக்கு அது போதும். படத்தை எடுத்துண்டு இறங்கிட்டேன்."

"அதோட வந்துட்டியா?"

"படகு ஜெட்டிக்கு வந்து நிக்கறேன், பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வரார். அந்தப் படத்தைத் தர முடியுமா, நான் வெச்சுக்கட்டுமான்னார்."

"குடுத்தியா?"

"எதுக்காக்கும்?" என்றாள் கோமளம். "ஆளே எதிர்ல நிக்கறேனே, பாத்துக்கோங்கோன்னுட்டேன்."

அடுத்த படகு வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாராம்.